இறப்பரும் வெள்ளைத் தூளும்
(மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும் என்று மன்றத்தார் நம்மைக் கேட்டபொழுது, அணுவைப் பற்றிப் பேசலாம், விண்வெளியைப் பற்றிப் பேசலாம் என்று நண்பர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவையெல்லாம் பெரிய விடயங்கள்தாம். ஆயினும், மாத்தளையைச் சுற்றி வாழும் நம்மில் பலருடைய குடும்பத்தில் இறப்பர்ப் பால் வெட்டிய கைகள் உண்டு. பாட்டியின் கையாக இருக்கலாம், தந்தையின் கையாக இருக்கலாம். சிரட்டையில் வடிந்த பால், வாளியில் சேர்ந்து, தட்டில் உறைந்து, உருளையில் தட்டையாகி, புகையில் காய்ந்து, மூட்டையாய் லொறியில் ஏறுகிற வரையில் நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று கேட்டால், “டயர் செய்கிறார்கள்” என்பதோடு நிறுத்திவிடுகிறோம். நாம் நிறுத்திவிடும் அந்த இடத்திலிருந்து இன்று தொடங்குவோம்.

இறப்பர் மரம் இந்த மண்ணில் தானாக முளைத்ததன்று. பிரேசிலில் விக்கம் என்ற ஆங்கிலேயர் சேகரித்த விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அக்கன்றுகள் 1876ஆம் ஆண்டில் கம்பகாவை அடுத்த எனரத்கொடைத் தோட்டத்திற்கு வந்தன. 1909இலேயே இலங்கையில் இறப்பர் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. 1952இல் சீனத்திற்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த அரிசிச் சோற்றை உண்டு வளர்ந்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பார்கள். இவ்வளவு நெருங்கிய பொருளாயிருந்தும், சீற்று இறப்பர் எப்படிப் பண்டமாகிறது என்ற கதை நம்முடைய ஊர்ப் பேச்சில் இடம்பெறவே இல்லை. இது நமக்கு ஒரு குறையாகவே படுகிறது.

புகையில் காய்ந்த சீற்றை அப்படியே வெட்டி ஒரு செருப்புச் செய்தால் சித்திரை வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும். குளிர் நாட்டுக்கு அனுப்பினால் விறைத்துப்போகும். இழுத்துவிட்டால் பழைய நீளத்திற்கு முற்றாகத் திரும்பாது. காரணம் யாதெனில், இறப்பரின் மூலக்கூறுகள் மிக நீண்ட நூல்களைப் போன்றவை. பூனை விளையாடிய நூற்கண்டைப் போல அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆனால் முடிச்சு இல்லை. சூடேறினால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன.

அந்த நூல்களுக்கிடையே முடிச்சுப் போட வழி கண்டவர் அமெரிக்கராகிய சாள்சு குட்இயர். இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கினால் அதன் குணம் மாறுகிறது என்பதை அவர் 1839இல் கண்டார். கந்தக அணுக்கள் நூலுக்கு நூல் பாலம் அமைத்துவிடுகின்றன. 1844இல் அவர் பெற்ற உரிமைப் பத்திரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது: 25 பங்கு இறப்பர், 5 பங்கு கந்தகம், 7 பங்கு ஈயவெள்ளை. கந்தகத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அந்த 7 பங்கு வெள்ளைத் தூளை மறந்துவிடுவார்கள். ஈயம் நச்சுப் பொருள். கந்தகத்தோடு சேர்ந்து கறுத்தும் போகும். ஆகவே காலப்போக்கில் அதன் இடத்தைப் பெரும்பாலும் நாக ஒட்சைட்டு பிடித்துக்கொண்டது.

நாகம் என்றவுடன் இளைஞர் சிலர் சிரிக்கிறார்கள். பாம்பன்று, தகரத்திற்குப் பூசுகிற நாகம். தமிழகத்தார் துத்தநாகம் என்பார்கள். அந்த உலோகத்தை ஆவியாகும் வரை சூடாக்கிக் காற்றில் எரித்தால், வெண்புகை எழுந்து, மிருதுவான வெண் தூளாகப் படியும். தாய்மார்களுக்கு அது புதிதன்று. குழந்தைக்கு வியர்க்குரு வந்தால் பூசுகிற கலமைன் இந்த நாக ஒட்சைட்டுத்தான். அதற்கு இளஞ்சிவப்பு நிறம் தருவது சிறிதளவு இரும்பொட்சைட்டு. “குலுக்கிப் பூசவும்” என்று போத்தலில் எழுதியிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஏன் குலுக்கவேண்டும்? தூள் அடியில் தங்கிவிடும். மேலே உள்ள நீரை மட்டும் பூசினால் பயன் குறையும். நாம் இன்று சொல்ல வந்த செய்தி முழுவதும் அந்தப் போத்தலின் மூன்றங்குலச் சீட்டிலேயே இருக்கிறது என்று சொன்னாலும் தகும்.

இறப்பருக்குள் இந்த வெண் தூள் என்ன வேலை செய்கிறது? கணக்கைப் பாருங்கள். 100 பங்கு இறப்பருக்கு 8 பங்கு கந்தகம் மட்டும் சேர்த்து 140 பாகை செல்சியசில் வேகவைத்தால், அது பதமாவதற்கு 5 மணி நேரம் பிடிக்கும். நாக ஒட்சைட்டையும் சேர்த்தால் 3 மணி நேரம். 1906இல் ஓன்சிலேகர் என்ற அமெரிக்க இரசாயனர் சில சேதனப் பொருள்கள் இந்த வேலையை விரைவுபடுத்தும் என்று கண்டார். அவற்றின் வழிவந்த பொருள்களையும் நாக ஒட்சைட்டையும் சேர்த்தபோது, மணிக்கணக்கு நிமிடக் கணக்காயிற்று. மெழுகுவர்த்தி செய்யவும் பயன்படுகிற ஒருவகைக் கொழுப்பமிலத்தையும் கூடவே சிறிது சேர்ப்பார்கள். நாக ஒட்சைட்டு அந்த அமிலத்தோடு கூடி, இறப்பரில் கரையக்கூடிய ஒருவகைச் சவர்க்காரமாகிறது. அதுவே கந்தகத்தை ஏந்திச் சென்று, நூலுக்கு நூல் பாலம் போட உதவுகிறது. சட்டியும் அடுப்பும் ஒன்றாயிருக்க, சமையற்காரர் மாறிய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதி காலத்து டயர்கள் வெளுத்த நிறமாயிருந்தன. பலமூட்டுவதற்கும் அன்று நாக ஒட்சைட்டையே மிகுதியாகச் சேர்த்தார்கள். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகைக்கரியின் மேன்மை தெரிந்ததும் டயர் கறுத்தது. இன்று உழைப்பைத் தாங்கும் பலம் பெரும்பாலும் கரியினுடையது. முடிச்சுப் போடும் வேலைக்கு மாத்திரம் நாக ஒட்சைட்டு நிற்கிறது. வழக்கமான அளவு 100 கிலோ இறப்பருக்கு 3 முதல் 5 கிலோ வரை. நாக ஒட்சைட்டு கனத்த பொருளாகையால், 5 கிலோ சேர்த்தாலும் கன அளவில் இறப்பரின் நூற்றிலொரு பங்குகூட ஆகாது.

நூற்றில் ஒன்றுக்கும் குறைந்தது அவ்வளவையும் எட்டவேண்டுமானால் அது எங்கும் பரந்திருக்க வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் நீள அகல உயரமுள்ள நாக ஒட்சைட்டுக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். ஒரு தபால் முத்திரையளவு. அதே கட்டியை மில்லிமீற்றரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அளவான துகள்களாக உடைத்தால், எல்லாத் துகள்களின் மேற்பரப்பையும் கூட்டினால் 30 சதுர மீற்றர் வரும். 20 அடி நீளமும் 16 அடி அகலமும் உள்ள ஓர் அறையின் தரை அது. நிறை கூடவில்லை, விலை கூடவில்லை. தொடும் பரப்பு மட்டும் ஐம்பதினாயிரம் மடங்கு கூடிவிட்டது. இரசாயன வேலை மேற்பரப்பில்தான் நடக்கிறது.

ஆனால், துகள் சிறுக்கச் சிறுக்க ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் குணமும் மிகுகிறது. குரக்கன் கூழ் காய்ச்சுகிறவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கொதிக்கும் நீரில் மாவை அப்படியே கொட்டினால் கட்டி தட்டும். வெளியே வெந்திருக்கும், உள்ளே உலர்ந்த மா அப்படியே இருக்கும். எவ்வளவு துழாவினாலும் அது உடையாது. ஆகையினால் முதலிலே சிறிது தண்ணீரில் மாவைக் கரைத்துக்கொண்டு, பின்பு ஊற்றுகிறோம். இறப்பர்த் தொழிற்சாலையிலும் இதே உபாயந்தான். சிறிதளவு இறப்பரில் மிகுதியான தூளை முதலில் நன்றாக அரைத்து ஒரு மூலக்கலவை செய்துகொள்வார்கள். பின்பு அதை முழு இறப்பரோடு சேர்ப்பார்கள். எந்தப் பல்கலைக்கழகத்திற்கும் போகாத நம் பாட்டிமார் கண்ட உபாயம் இது!

நம்முடைய அலுவிகாரையிலேயே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இடம் என்று உலகறிந்த இந்தக் குகை விகாரையில், பனையோலையில் எழுதும் முறையை இன்றும் வருவோருக்குக் காட்டுகிறார்கள். எழுத்தாணியால் கீறியவுடன் எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. கரியையும் எண்ணெயையும் குழைத்து ஓலைமீது தேய்த்துத் துடைத்தால், கீறலுக்குள் மட்டும் கருமை தங்கி எழுத்துத் துலங்கும். கரி உலோக ஒட்சைட்டன்று. எனினும், தூளை எண்ணெயிலே நன்றாகக் குழைக்காவிட்டால் எழுத்துத் திட்டுத்திட்டாகிவிடும் என்ற அறிவு இரண்டுக்கும் ஒன்றே. உலோக ஒட்சைட்டுக்கு உதாரணம் வேண்டுமானால் பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரையைப் பாருங்கள். அந்தச் சிவப்பு இரும்பொட்சைட்டு. கோயில் மதிலின் காவியும் அதுவே. கைதேர்ந்த மேசன்மார் தண்ணீர் ஊற்றுமுன் சீமெந்தையும் காவித் தூளையும் உலரவே கலந்து சலித்துக்கொள்வார்கள். அவசரக்காரர் போட்ட தரையை, ஐம்பது வருடங்கழித்தும் அதன் திட்டுகளே காட்டிக்கொடுக்கும்.

இனி ஆலைக்குள் செல்வோம். இரண்டு இரும்பு உருளைகள் ஒன்றையொன்று நோக்கிச் சுழல்கின்றன. இரண்டுக்கும் வேகம் ஒன்றன்று. அந்த வேற்றுமையினால்தான் இடையில் அகப்பட்ட இறப்பர் கசங்கி அறைபடுகிறது. முதலில் இறப்பரை மட்டும் மெல்லவிட்டு இளக்குவார்கள். பின்பு நாக ஒட்சைட்டும் கொழுப்பமிலமும். கந்தகம் கடைசியில், முன்னாலே போட்டால் கலக்கும் சூட்டிலேயே முடிச்சு விழத் தொடங்கி முழுதும் கெட்டுவிடும். கீழே சிந்திய தூளைக் கூட்டி மறுபடி மேலே போடுவதும், பாளத்தைக் குறுக்கே அறுத்து, மடித்து, திரும்பத் திரும்ப விடுவதும் தொழிலாளியின் வேலை. இதிலே ஒரு நாலு மடிப்பைக் குறைத்தால் வெளிப்பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

நாம் அறிந்த ஒரு சிறு பட்டறையில் நடந்ததைச் சொல்வோம், பெயர் வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இறப்பர் வளையங்கள் செய்தார்கள். சரக்கு நல்லது, சேர்மானக் கணக்குச் சரி. ஆனால் மழைக்காலத்தில் மூட்டை திறந்து கிடந்து ஈரமேறிய நாக ஒட்சைட்டைச் சலிக்காமல் போட்டுவிட்டார்கள். வளையங்கள் சில மாதங்களில் வெடித்துத் திரும்பி வந்தன. வெட்டிப் பார்த்தபோது உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு புள்ளியிலிருந்தே புறப்பட்டிருந்தது. பலமூட்டுவதற்காகச் சேர்த்த தூள், பரவாமல் கட்டியாக நின்றால் இறப்பருக்குள் புகுந்த கல்லுக்கு ஒப்பாகிறது. இழுக்கும் விசை எல்லாம் அதன் விளிம்பில் வந்து குவிகிறது. ஒன்றும் சேர்க்காமல் விட்டிருந்தால் வேகாது. சேர்த்தும் பரப்பாமல் விட்டதால் கிழிந்தது.

குழாய் வளையம் கிழிந்தால் தண்ணீர் ஒழுகும், அவ்வளவே. கையுறை கிழிந்தால் என்ன ஆகும்? நம் நாட்டில் செய்யும் இறப்பர்க் கையுறைகள் பிற தேசங்களுக்கும் செல்கின்றன. அவற்றைப் பாலிலிருந்தே நேரே செய்கிறார்கள். நாக ஒட்சைட்டையும் தண்ணீரையும், துகள்களைப் பிரித்துவைக்கும் ஒரு பொருளையும் சுழலும் சாடியில் பீங்கான் உருண்டைகளோடு இட்டு, ஒரு நாளும் அதற்கு மேலும் உருட்டுவார்கள். தூள் குழம்பாகி வந்த பின்பே பாலில் சேர்ப்பார்கள். அந்தப் பாலில் பீங்கான் கை அச்சுகளை முக்கி எடுத்து உலர்த்தி வேகவைத்தால் கையுறை. அதன் தடிப்பு ஏறக்குறைய மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு. அந்தளவான ஒரு தூள் கட்டி அகப்பட்டால், அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் நிற்கும், உதிர்ந்தால் துளை. ஆகையினால் மாதிரிக் கையுறைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, 2 நிமிடம் பார்த்திருப்பார்கள், எங்காவது துளிக்கிறதா என்று. இரத்தம் துடைக்கிற தாதிக்கும் நோய்க்கும் இடையில் நிற்பது அந்தப் பத்திலொரு மில்லிமீற்றர்தான்.

உலோகங்களுக்குள்ளும் ஒட்சைட்டுத் துகளைப் பரப்புகிறார்கள். இந்த வழியில் நம் பெரியோர் ஒருவரின் பெயரையும் நினைக்கவேண்டியிருக்கிறது. கலையோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களைச் சிவ நடனத்தைப் பற்றி எழுதியவராகவே நம் இளைஞர் அறிவர். அவர் முதலில் பூமி நூலறிஞர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் முதலாவது தலைவராயிருந்தார். அந்த நாள்களில், 1904இல், இலங்கை மண்ணிலிருந்து தோரியனைற்று என்ற கனமான கறுப்புக் கனிப்பொருள் உலகறிய வந்தது. அதன் பெரும்பகுதி தோரிய ஒட்சைட்டு. தமிழகத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் தோரியம் உண்டென்று 1909இல் சோம்பெர்க் என்ற செருமானியர் கண்டார். பெற்றோமாக்சு விளக்கின் வலையை வெண்ணிறமாய் ஒளிரச் செய்தது இந்தத் தோரிய ஒட்சைட்டே.

மின்விளக்கின் தங்குதன் இழையிலும் அது புகுந்தது. இழை வெண்சூடாகும்போது உள்ளிருக்கும் பளிங்குகள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருத்து, இழையின் குறுக்கே ஒரே துண்டாக நின்று வழுக்கி அறுந்துவிடும். ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு தோரிய ஒட்சைட்டை நுண்துகளாகப் பரப்பினால், ஒவ்வொரு துகளும் ஆப்பு அடித்ததுபோல் நின்று பளிங்குகளைப் பெருக்கவிடாது. இறப்பரில் துகள் கரைந்து வேலை செய்தது. இங்கோ கரையாமல் நிற்பதனாலேயே வேலை செய்கிறது. 1960களின் தொடக்கத்தில் இதே தத்துவத்தால் நிக்கலைப் பலப்படுத்தினார்கள். தோரியம் கதிர் வீசும் பொருளாகையால் பிற்காலத்தில் இத்திரிய ஒட்சைட்டு அதன் இடத்துக்கு வந்தது. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்து அணு ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்துள்ள உருக்கு ஒன்றில் அது நூற்றுக்கு 0.35 பங்கே. அங்கும் உலோகத் தூளையும் ஒட்சைட்டையும் உருண்டை ஆலையில் இட்டு மணிக்கணக்காக அரைக்கிறார்கள். கையுறைக்காரர் சாடியும் அணு விஞ்ஞானி சாடியும் ஒரு குடும்பம்.

மீண்டும் இறப்பருக்கு வருவோம். ஒரு கவலையையும் சொல்லவேண்டியிருக்கிறது. நாக ஒட்சைட்டு நமக்குப் பெரிய நஞ்சன்று என்றாலும், நீர்வாழ் உயிர்களுக்கு மிக நச்சானது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. இந்த ஊரை ஊடறுத்துச் செல்லும் கண்டி - யாழ்ப்பாண வீதியில் இரவு பகலாய் வாகனங்கள் ஓடுகின்றன. ஓடும் ஒவ்வொரு டயரும் தேய்கிறது. தேய்ந்த துகள் மழையில் கழுவப்பட்டு வாய்க்காலுக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போகிறது. அதனோடு நாகமும் போகிறது. சுதுகங்கையில் மீன் பிடித்த பெரியவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.

ஆகவே இன்று உலகெங்கும் ஆராய்ச்சியாளர் முயல்வது, நாக ஒட்சைட்டின் அளவைக் குறைத்து அதே வேலையை வாங்குவதற்கு. மிக நுண்ணிய துகளானால் வழக்கமான 5 பங்கில் பாதியோ அதற்கும் குறைவோ போதும் என்று பல பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் கூழின் கதை இங்கும் விடவில்லை. எவ்வளவு நுண்ணிய தூளோ அவ்வளவுக்குக் கட்டி தட்டும். மூட்டையின்மேல் “நுண்துகள்” என்று அச்சிட்டு அதிக விலைக்கு விற்பதை வாங்கி, பழைய மாதிரியே உருளையில் கொட்டினால், அந்த விலையும் வீண், ஆற்றுக்கும் நன்மையில்லை. இதை நாம் சற்று அழுத்தியே சொல்கிறோம். ஏனெனில் புதுப் பொருளின் பெயரைக் கேட்டவுடன் மயங்குகிற பழக்கம் நம்மிடம் உண்டு. சிறு தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர் முதலில் விலையுயர்ந்த தூளைத் தேடவேண்டாம். ஒரு நல்ல சல்லடை, ஈரமேறாத அறை, மூலக்கலவை செய்யும் பொறுமை, ஒவ்வொரு கலவையிலும் ஒரு துண்டை அறுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கிற பழக்கம், இவை நான்கும் இருந்தால் சாதாரணத் தூளிலேயே நல்ல பண்டம் செய்யலாம். சீற்றாக விற்பதற்கும் பண்டமாக விற்பதற்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பால் வெட்டியவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

மேசைமீது இரண்டு இறப்பர்த் துண்டுகளை வைத்திருக்கிறோம். சேர்மானம் ஒன்றே, ஒன்றை நாற்பது தடவை மடித்து உருளையில் விட்டார்கள், மற்றதைப் பத்துத் தடவை. எது எது என்று எழுதி வைக்கவில்லை. கூட்டம் கலையுமுன் இளைஞர்கள் வந்து, ஓரத்தில் சிறிது கீறிவிட்டு இரண்டையும் இழுத்துப் பாருங்கள். கிழிந்த வாயைக் கண்ணாடியால் பாருங்கள். பெரியவர்களுக்குக் கேள்விகள் இருப்பின் இப்பொழுதே கேட்கலாம்.